தீபாவளி விற்பனைக்கு விபிஎஸ் தாங்குமா, டெடிகேட்டட் சர்வர் எடுத்துவிடலாமா?

ஜவுளிதளம்:

வணக்கம். ஒரு ஜவுளிக் கடையின் ஆன்லைன் விற்பனைத் தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ். 8,000 பொருள்கள், டேட்டாபேஸ் 5.5 ஜிபி, படங்கள் 70 ஜிபி. இப்போது இருப்பது மும்பையில் ஒரு விபிஎஸ் (ஒரே பெரிய மெஷினைப் பலருக்குப் பங்கிட்டுத் தரும் மெய்நிகர் சர்வர்): 4 விசிபியு (மெய்நிகர் சிபியு), 8 ஜிபி ரேம், 160 ஜிபி எஸ்எஸ்டி. உபுண்டு 22.04, என்ஜின்எக்ஸ், பிஎச்பி 8.2, மைஎஸ்க்யூஎல் 8.0.

பகலில் ஒன்றேகால் விநாடியில் திறக்கிற பொருள் பக்கம், இரவு 8 மணியிலிருந்து பத்தரை வரை 4, 5 விநாடி எடுக்கிறது. செக்அவுட் சில சமயம் 12 விநாடி. அதற்குள் வாடிக்கையாளர் பொத்தானை இரண்டாம் முறை அழுத்திவிடுகிறார். ஆனால் கண்ட்ரோல் பேனலில் சிபியு கிராஃப் 40 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. அதுதான் குழப்பம்.

கையில் இரண்டு வழி. ஒன்று, இதே நிறுவனத்தில் 8 விசிபியு, 16 ஜிபி திட்டத்துக்கு ஏறுவது. இன்னொன்று, ஜெர்மனியில் ஒரு டெடிகேட்டட் (முழு மெஷினும் நமக்கே): இரண்டு ஜியான் இ5-2620 வி4, 64 ஜிபி ரேம், 1 டிபி சாட்டா எஸ்எஸ்டி இரண்டு. மாத வாடகை ஏறக்குறைய ஒன்றுதான். கடை முதலாளி "32 சிபியு, 64 ஜிபி, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்கிறார். தீபாவளிக்கு 7 வாரம் இருக்கிறது. எது சரி?

வேர்ப்பயனர்:

இரண்டையும் இப்போதைக்கு ஒத்திவையுங்கள். எது பற்றாக்குறை என்று தெரியாமல் பெட்டியை மாற்றினால், காசும் போய் அதே நோயும் கூடவே வரும். இன்று இரவு 9 மணிக்கு, தளம் மூச்சுத் திணறும் நேரத்தில், மூன்று அளவு எடுத்து இங்கே போடுங்கள்.

ஒன்று, விஎம்ஸ்டாட் கட்டளையை 1 விநாடி இடைவெளியில் 60 வரி ஓடவிடுங்கள். முதல் வரியைத் தள்ளிவிடுங்கள். அது மெஷின் பூட் ஆனதிலிருந்து வந்த சராசரி. மற்ற வரிகளில் யுஎஸ், எஸ்ஒய், ஐடி, டபிள்யுஏ, எஸ்டி என்ற ஐந்து பத்திகள் போதும்: சிபியு நேரத்தில் எத்தனை சதவீதம் நிரல்களுக்கு, கர்னலுக்கு, சும்மா இருப்பதற்கு, டிஸ்க்குக்காகக் காத்திருப்பதற்கு, நமக்குக் கிடைக்காமல் போனதற்கு என்று அவை வரிசையாகச் சொல்லும்.

இரண்டு, எஃப்ஐஓ என்ற டிஸ்க் சோதனைக் கருவியில் 4 கேபி பிளாக், தொடர் எழுத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் எஃப்டேட்டாசிங்க் (எழுதியது டிஸ்க்கில் இறங்கும்வரை காத்திருப்பது) என்று வைத்து 64 எம்பி மட்டும் எழுதிப் பாருங்கள். டேட்டாபேஸ் இருக்கும் டிஸ்க்கிலேயே ஓட்டுங்கள். டெம்ப் ஃபோல்டரில் ஓட்டினால் சில அமைப்புகளில் அது ரேமில் இருக்கும். எண்கள் அற்புதமாக வரும், ஒன்றுக்கும் உதவாது. 10 ஜிபி எல்லாம் எழுதவேண்டாம், விற்பனை நேரத்தில் நாமே கடைக்குக் குறுக்கே கட்டில் போட்ட மாதிரி ஆகிவிடும்.

மூன்று, மைஎஸ்க்யூஎல்-இல் இன்னோடிபி பஃபர் பூல் (டேட்டாபேஸ் தன் தரவை ரேமில் வைத்துக்கொள்ளும் இடம்) அளவு என்ன என்று கேளுங்கள். பிஎச்பி எஃப்பிஎம்-இல் மேக்ஸ் சில்ட்ரன் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய பிஎச்பி ப்ராசஸ்களின் உச்ச எண்ணிக்கை) எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஜவுளிதளம்:

எடுத்துவிட்டேன் அண்ணா. நடுவாந்தரமான ஒரு வரி: யுஎஸ் 31, எஸ்ஒய் 7, ஐடி 22, டபிள்யுஏ 21, எஸ்டி 19. எஃப்டேட்டாசிங்க் சராசரி 3.8 மில்லி விநாடி, 99-ஆம் சதமானம் 21 மில்லி விநாடி. பஃபர் பூல் 134217728 என்று காட்டுகிறது. மேக்ஸ் சில்ட்ரன் 60, ஒரு பிஎச்பி ப்ராசஸ் சராசரியாக 85 எம்பி.

வேர்ப்பயனர்:

இரண்டு நோய் இருக்கிறது. ஒன்று உங்களுடையது, ஒன்று பக்கத்து வீட்டுக்காரருடையது.

உங்களுடையதை முதலில் பார்ப்போம். 134217728 பைட் என்றால் 128 எம்பி. மைஎஸ்க்யூஎல் நிறுவும்போது வருகிற இயல்பு அளவு, யாரும் தொடவில்லை. 5.5 ஜிபி டேட்டாபேஸை 128 எம்பி இடத்தில் வைத்து வேலை வாங்குகிறீர்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் டிஸ்க்குக்கு ஓடுகிறது. டபிள்யுஏ 21 அதனால் வருவது. 64 ஜிபி ரேம் உள்ள பெட்டிக்குப் போனாலும் அங்கேயும் இந்த 128 எம்பி அப்படியேதான் இருந்திருக்கும். என்ன, மிச்ச ரேமில் லினக்ஸே ஃபைல்களை கேஷ் செய்து நோயை மறைத்திருக்கும். முதலாளியும் "பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்றிருப்பார்.

பஃபர் பூலை 3 ஜிபி ஆக்குங்கள். மைஎஸ்க்யூஎல் 5.7.5-இலிருந்து ரீஸ்டார்ட் இல்லாமலே மாற்றலாம். செட் பெர்சிஸ்ட் என்று கொடுத்தால் அடுத்த பூட்டிலும் நிற்கும். ஆனால் அதற்கு முன் மேக்ஸ் சில்ட்ரனை 30-க்கு இறக்குங்கள். கணக்கு இது: 60 ப்ராசஸ் × 85 எம்பி = 5.1 ஜிபி. அதோடு 3 ஜிபி பூல் சேர்ந்தால் 8 ஜிபி தாண்டிவிடும், ரேம் தீர்ந்தால் ப்ராசஸைக் கொல்லும் ஓஓஎம் கில்லரைக் கர்னல் கூப்பிடும், அது கொல்வது பெரும்பாலும் மைஎஸ்க்யூஎல்-ஐத்தான், ஏனென்றால் கூட்டத்தில் பெரிய ஆள் அதுதான். 30 வைத்தால் 2.55 ஜிபி, மைஎஸ்க்யூஎல் பூலும் மேல்செலவும் 3.6, ரெடிஸ் (கேஷ்) 0.25, மற்றதெல்லாம் 0.6. ஏறக்குறைய 7 ஜிபி. மிச்சம் மூச்சுவிட. 4 கோரில் 60 பிஎச்பி ஒரே நேரத்தில் ஓடி எந்தப் புண்ணியமும் இல்லை. வரிசையில் நிற்பதற்குப் பதிலாக அடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

இரண்டாவது நோய் எஸ்டி, அதாவது ஸ்டீல். உங்கள் விசிபியு ஓடத் தயாராக நின்றது, ஆனால் ஹைப்பர்வைசர் (மெஷினைப் பலருக்குப் பங்கிடும் மென்பொருள்) அந்த நேரத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது. அந்த 19 தனியாகப் பார்த்தால் சின்னதாகத் தெரியும். நீங்கள் கேட்டது 31 + 7 + 19 = 57; அதில் 19 கிடைக்கவில்லை. கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு பறிபோகிறது. கிராஃப் 40-ஐத் தாண்டாததன் மர்மமும் இதுதான்: அது கிடைத்ததைக் காட்டுகிறது, கிடைக்காததைக் காட்டாது.

ஒரு சந்தேகம் மட்டும் தீர்த்துக்கொள்ள வேண்டும். சில மலிவுத் திட்டங்களில் சிபியு-வைத் தொடர்ந்து பயன்படுத்தினால் நிறுவனமே கழுத்தைப் பிடிக்கும். அதுவும் ஸ்டீல் என்றே தெரியும். விடிகாலை 5 மணிக்கு சிஸ்பெஞ்ச் என்ற சுமைச் சோதனைக் கருவி வைத்து நாலு கோரையும் 20 நிமிடம் ஓட்டுங்கள். அப்போதும் எஸ்டி ஏறினால் திட்டத்தின் வரம்பு. ஏறாவிட்டால் இரவு 8 மணிக்கு விழித்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரர்.

அதனால்தான் 8 விசிபியு திட்டம் வேண்டாம் என்கிறேன். அதே நெரிசலான ஹோஸ்டில் இன்னும் நாலு நாற்காலி கேட்பது அது. உங்களுக்குத் தேவை "டெடிகேட்டட் விசிபியு" என்று விற்கப்படும் விபிஎஸ். கோர் வேறு யாருக்கும் பங்கு போகாது. மும்பையிலோ சென்னையிலோ 4 கோர், 16 ஜிபி. ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அவர்கள் "கோர்" என்பது முழுக் கோரா, ஹைப்பர்த்ரெட்டா (ஒரு கோரை இரண்டாகக் காட்டுவதில் ஒரு பாதி)? பெரும்பாலும் த்ரெட்தான். அது குற்றமில்லை, ஆனால் 4 என்று எழுதியிருப்பது நிஜத்தில் 2 கோர் என்பது தெரிந்து வாங்க வேண்டும்.

அந்த 32 சிபியு பற்றி ஒரு வார்த்தை. இ5-2620 வி4 2016-இல் வந்த சிப். ஒரு சிப்பில் 8 கோர், இரண்டுக்கும் 16; ஹைப்பர்த்ரெட்டாக எண்ணினால்தான் 32. அடிப்படை வேகம் 2.1 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.0. ஒரு பக்கத்தை உருவாக்கும் பிஎச்பி வேலை ஒரே கோரில்தான் ஓடும். மற்ற 15 கோர் வேடிக்கை பார்க்கும். ஒரே நேரத்தில் நிறையப் பேர் வந்தால் அது தாங்கும், உண்மை. ஆனால் ஒரு ஆளுக்குப் பக்கம் திறக்கும் வேகம், இன்றைய சிப் ஒன்றின் 4 கோரைவிட மந்தமாகவே இருக்கும்.

இரும்புப்பெட்டி:

வேர்ப்பயனர் சொன்ன கணக்கெல்லாம் சரிதாங்க. ஆனா டெடிகேட்டட்னா பழைய இரும்புன்னு முடிவு கட்டிடாதீங்க. அந்த ஆஃபர் பழசு, அவ்வளவுதான்.

அந்த 3.8 மில்லி விநாடியை விட்டுட்டீங்களே. மைஎஸ்க்யூஎல் ஒவ்வொரு கமிட்டுக்கும் (ஒரு மாற்றத்தை நிரந்தரமா பதியறது) லாக் டிஸ்க்ல இறங்குற வரைக்கும் காத்திருக்கும். 8.0-ல பைனரி லாக் (மாற்றம் எல்லாத்தையும் வரிசையா எழுதி வைக்கிற பதிவு) இயல்பாவே ஆன்ல இருக்கும், அதுக்கும் தனியா ஒரு சிங்க். ஒரு ஆர்டர்ல 80 கமிட் நடக்குதுன்னு வைங்க, கமிட்டுக்கு ரெண்டு சிங்க், 80 × 2 × 3.8 = 608 மில்லி விநாடி. நெரிசல்ல 21-க்கு ஏறிச்சுன்னா மூணு விநாடிக்கு மேல. செக்அவுட் மட்டும் தனியா சாகுறதுக்கு இதுவும் ஒரு காரணம். ரெப்ளிகா (டேட்டாபேஸோட நேரடி நகல்) எதுவும் இல்ல, நேரம் குறிச்சு மீட்கிற தேவையும் இல்லன்னா பைனரி லாகை நிறுத்திடலாம். டிரான்சாக்ஷன் கமிட் அமைப்பை 2 ஆக்கச் சொல்லி (லாகை ஏறக்குறைய விநாடிக்கு ஒரு தடவை மட்டும் டிஸ்க்ல இறக்குறது) யாராவது வருவாங்க. பணம் வாங்குற தளத்துல வேண்டாம்: மெஷின் திடீர்னு செத்தா கடைசி ஒரு விநாடி ஆர்டர் காணாம போகும், பேமெண்ட் கேட்வேல பணம் மட்டும் வந்திருக்கும்.

நல்ல டெடிகேட்டட்ல பவர் லாஸ் புரொடெக்ஷன் உள்ள என்விஎம்இ (சாட்டாவை விட வேகமான எஸ்எஸ்டி) போட்டிருந்தா அதே சிங்க் 0.1 மில்லி விநாடிக்குக் கீழ வரும். அந்த டிரைவ்ல சின்ன கெபாசிட்டர் வரிசை இருக்கும்; கரண்ட் போனாலும் கேஷ்ல இருக்கிறதை எழுதி முடிக்கிற அளவுக்குத் தெம்பு. அதனால "எழுதிட்டேன்"னு உடனே பதில் சொல்லும். சாதாரண டெஸ்க்டாப் டிரைவ் அப்படிச் சொல்ல முடியாது, நிஜமாவே ஃபிளாஷ்ல இறக்கிட்டுத்தான் சொல்லும். விலைப் பட்டியல்ல ரெண்டுமே "என்விஎம்இ எஸ்எஸ்டி"ன்னுதான் இருக்கும். மாடல் நம்பர் கேட்டு வாங்குங்க.

இப்ப உங்களுக்கு டெடிகேட்டட் ஏன் வேண்டாம்னு நானே சொல்றேன். ராத்திரி 2 மணிக்கு டிஸ்க் செத்தா யார் பார்க்கிறது? விபிஎஸ்ல அது அவங்க தலைவலி. டெடிகேட்டட்ல அவங்க டிஸ்க்கைக் கழட்டி மாட்டுறதோட சரி, மிச்சம் உங்க வேலை.

சாஃப்ட்வேர் ரெய்டு 1-னு வைங்க, அதாவது ரெண்டு டிஸ்க்லயும் ஒரே தரவு. எம்டிஸ்டாட் ஃபைல்ல சதுர அடைப்புக்குள்ள ரெண்டு "யு" இருந்தா ரெண்டு டிஸ்க்கும் நலம். ஒரு "யு" இருக்கிற இடத்துல அடிக்கோடு வந்தா ஒண்ணு போச்சு. தளம் ஓடிக்கிட்டே இருக்கும், ஒரு எரர் கூட வராது. எம்டிஅட்மின்ல மெயில் முகவரி கொடுத்து, மெயில் நிஜமா வருதான்னு சோதிக்காம விட்டீங்கன்னா, ரெண்டாவது டிஸ்க்கும் போற அன்னிக்குத்தான் முதல் டிஸ்க் போனதே தெரியும். ரெண்டும் ஒரே பேட்ச், ஒரே நாள் மாட்டினது, ஒரே அளவு எழுத்து. ஒண்ணு தேய்ஞ்சா இன்னொண்ணும் அதே வாசல்லதான் நிக்குது. எடுத்த அன்னிக்கே ஸ்மார்ட்சிடிஎல் ஓட்டி எத்தனை மணி நேரம் ஓடின டிஸ்க், எவ்வளவு தேய்மானம்னு பாருங்க. முன்னாடி யாரோ பிழிஞ்செடுத்த டிஸ்க்கா இருந்தா முதல் நாளே மாத்தச் சொல்லலாம்.

மாத்தும்போது டிக்கெட்ல சாதனப் பெயரை எழுதாதீங்க, சீரியல் நம்பரை எழுதுங்க. கழட்ட வேண்டியது, கழட்டக் கூடாதது ரெண்டையும். டேட்டா சென்டர்ல நிக்கிற ஆளுக்கு உங்க "எஸ்டிபி" எந்த ஸ்லாட்டுன்னு தெரியாது. நல்ல டிஸ்க்கை உருவிட்டா கதை முடிஞ்சது. புது டிஸ்க் வந்ததும் எஸ்ஜிடிஸ்க் வச்சு பார்ட்டிஷன் அட்டவணையை நகலெடுக்கணும். இந்தக் கட்டளைல புது டிஸ்க் பேர் முதல்ல, பழசு பின்னாடி. மாத்திக் கொடுத்தா வெத்து அட்டவணை நல்ல டிஸ்க் மேல எழுதப்படும். அப்புறம் ஜியுஐடி-யை (டிஸ்க்கோட தனி அடையாள எண்) மாத்தணும், ரெய்டுல சேர்க்கணும், கடைசியா க்ரப் பூட் லோடரைப் புது டிஸ்க்லயும் போடணும். எல்லாரும் மறக்கிறது இந்தக் கடைசி ஒண்ணைத்தான். ஆறு மாசம் கழிச்சு ரீபூட் பண்ணும்போது மெஷின் எழுந்திரிக்காது, ஏன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது. யுஇஎஃப்ஐ மெஷின்னா இஎஃப்ஐ பார்ட்டிஷன் பெரும்பாலும் ரெய்டுக்கு வெளியதான் இருக்கும். அதையும் கையால நகலெடுக்கணும்.

இதெல்லாம் செய்ய ஆள் இருந்து, டேட்டாபேஸ் 100 ஜிபி தாண்டி, இல்ல பத்துப் பதினஞ்சு தளத்தை ஒரே இடத்துல வைக்கணும்னா டெடிகேட்டட் எடுங்க, அதுமேல ப்ராக்ஸ்மாக்ஸ்ங்கிற ஹைப்பர்வைசரைப் போட்டு நீங்களே விபிஎஸ் வெட்டிக்கலாம். அதுலயும் ஒரு குழி இருக்கு: நிறைய டேட்டா சென்டர் சுவிட்ச் தனக்குத் தெரியாத மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டோட அடையாளம்) பார்த்தா போர்ட்டையே மூடிடும். சாதாரண பிரிட்ஜ் போட்டு விஎம் கிளப்பின அடுத்த நிமிஷம் மொத்த சர்வரும் காணாம போகும். கூடுதல் ஐபிக்குன்னு அவங்க தர்ற மேக் முகவரியைப் போடணும், இல்ல ரூட்டட் முறைல வைக்கணும். அப்புறம் ஐபிஎம்ஐ (தூரத்துல இருந்தே மெஷினைக் கட்டுப்படுத்துற வழி) போர்ட்டைப் பொது இணையத்துல திறந்து வைக்கிற இடமா இருந்தா, விபிஎன் வழியா மட்டும்னு மாத்தச் சொல்லுங்க. அது ரூட் பாஸ்வேர்டை விடப் பெரிய சாவி.

பிங்மணி:

ஜெர்மனியைப் பற்றி யாரும் பேசவில்லையே.

ஃபைபரில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கி.மீ. போகும். சென்னையிலிருந்து மும்பைக்குப் பாதை 1,300 கி.மீ. என்றால் போய்வர 13 மில்லி விநாடி. வழியிலுள்ள ரூட்டர்களும் சுற்றுப் பாதையும் சேர்ந்து நடைமுறையில் 25 பக்கம் வரும். சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ2ஐ கடலடிக் கேபிள் 3,200 கி.மீ.; அதில் மட்டும் போய்வர 32. ஃப்ராங்க்ஃபர்ட் என்றால் 150-ஐ ஒட்டி எதிர்பாருங்கள். செங்கடல் வழியில் கேபிள் அறுந்தால், 2024 தொடக்கத்தில் நடந்ததுபோல, அது இன்னும் ஏறும்.

புதிதாக வரும் வாடிக்கையாளருக்கு இணைப்பு தொடங்க டிசிபி ஒரு சுற்று, மறையாக்கத்துக்கு டிஎல்எஸ் 1.3 ஒரு சுற்று, பக்கத்தைக் கேட்க ஒரு சுற்று. மும்பை: 75 மில்லி விநாடி. ஜெர்மனி: 450. சர்வர் இன்னும் ஒரு வரி பிஎச்பி கூட ஓட்டவில்லை, அதற்குள் அரை விநாடி போய்விட்டது. சிடிஎன் (பல ஊர்களில் நகல் வைக்கும் சேவை) போட்டால் படங்கள் பக்கத்திலிருந்து வரும். கூடையும் செக்அவுட்டும் கேஷ் ஆகாது, அவை ஜெர்மனிக்குப் போய்த்தான் திரும்பவேண்டும். பேமெண்ட் கேட்வே, எஸ்எம்எஸ், கூரியர் என்று உங்கள் சர்வர் கூப்பிடும் ஏபிஐ எல்லாம் இந்தியாவில். ஆர்டருக்கு நாலு அழைப்பு என்றால் ஒவ்வொன்றுக்கும் அதே மூன்று சுற்று.

"அன்லிமிடெட் டிராஃபிக்" என்பதற்கும் மயங்கவேண்டாம். 1 எம்பிபிஎஸ் இடைவிடாமல் 30 நாள் ஓடினால் 324 ஜிபி. மாதம் 2 டிபி போகும் தளத்துக்குச் சராசரி 6 எம்பிபிஎஸ் சொச்சம்தான். துணிக்கடைக்கு இது பிரச்சினையே இல்லை, வீடியோ தளத்துக்குத்தான்.

எங்கே வைத்தாலும் பேக்கப் வேறு ஊரில், வேறு நிறுவனத்தில் இருக்கட்டும். 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் எஸ்பிஜி2 கட்டடம் எரிந்தபோது டெடிகேட்டட், விபிஎஸ் இரண்டுமே போயின. பேக்கப்பை அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களில் பலருக்கு அதுவும் போனது.

ஜவுளிதளம்:

எல்லோருக்கும் நன்றி. பஃபர் பூல் 3 ஜிபி, மேக்ஸ் சில்ட்ரன் 30 ஆக்கி இரண்டு நாள் ஆகிறது. பைனரி லாகையும் நிறுத்தியாகிவிட்டது. நேற்று இரவு 9 மணி: யுஎஸ் 38, எஸ்ஒய் 8, ஐடி 36, டபிள்யுஏ 1, எஸ்டி 17. பொருள் பக்கம் 2.1 விநாடி, செக்அவுட் 4. விடிகாலைச் சோதனையில் எஸ்டி 0, அப்படியானால் பக்கத்து வீட்டுக்காரர்தான். மும்பையிலேயே டெடிகேட்டட் விசிபியு 4 கோர், 16 ஜிபி பார்த்து வைத்திருக்கிறேன், மணிக்கணக்கில் பில். முதலாளி ஒப்புக்கொண்டார், முகம் மட்டும் கொஞ்சம் வாட்டம். கேள்வி இரண்டு: தீபாவளி வாரத்துக்கு மட்டும் பெரிதாக்கிக்கொள்ள முடியுமா? ஆர்டர் எதையும் விடாமல் எப்படி மாறுவது?

வேர்ப்பயனர்:

டபிள்யுஏ 21-இலிருந்து 1. முதல் நோய் தீர்ந்தது. எஸ்டி-யை மறுபடி கணக்கிட்டால் 63 கேட்டு 17 கிடைக்கவில்லை, நாலில் ஒரு பங்குக்கும் மேல். மாறுவது நியாயம்தான்.

பெரிதாக்கலாம், ஆனால் சிபியு, ரேம் மட்டும். பேனலில் "டிஸ்க்கையும் சேர்த்து" என்ற தேர்வு இருக்கும், அதைத் தொடாதீர்கள். டிஸ்க் ஒருமுறை வளர்ந்தால் சுருக்க முடியாது, அதனால் பழைய திட்டத்துக்கு இறங்கவும் முடியாது. அளவை மாற்ற ரீபூட் வேண்டும். விற்பனை தொடங்கும் முந்தைய நாள் விடிகாலையில் செய்யுங்கள். ஏறிய பிறகு பஃபர் பூலையும் மேக்ஸ் சில்ட்ரனையும் ஏற்றுங்கள். இறங்கும்போது வரிசை தலைகீழ்: முதலில் அந்த இரண்டையும் குறைத்துவிட்டு, பிறகு ரேமை. மறந்தால் சின்ன மெஷினில் மைஎஸ்க்யூஎல் எழுந்திருக்காது.

புதிய மெஷினில் எதையும் மேம்படுத்தாதீர்கள். மைஎஸ்க்யூஎல் 8.0-இன் ஆதரவுக் காலம் 2026 ஏப்ரல் வரைதான் என்பதால் 8.4-க்குப் போகக் கை துறுதுறுக்கும். 8.4-இல் பழைய நேட்டிவ் பாஸ்வேர்ட் முறை இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும்; பயனர் கணக்கு அந்த வகையாக இருந்தால் தளம் டேட்டாபேஸுக்குள் நுழையவே முடியாது. அதை விற்பனை முடிந்த பிறகு நிதானமாகப் பார்க்கலாம். இடத்தையும் பதிப்பையும் ஒரே இரவில் மாற்றினால், எது உடைத்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

மாற்றத்துக்கு இரண்டு நாள் முன்பே டிஎன்எஸ் டிடிஎல்-ஐ (தளத்தின் ஐபி-யை மற்றவர்கள் எத்தனை விநாடி நினைவில் வைக்கலாம் என்பது) 300 ஆக்குங்கள். 70 ஜிபி படங்களை ஆர்சிங்க் செய்ய (புதிய மெஷினுக்கு நகலெடுக்க) அன்றே தொடங்கலாம், தளம் ஓடிக்கொண்டே இருக்கட்டும். புதிய ஐபி-யை உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் மட்டும் எழுதி, ஒரு ஒத்திகை டம்ப்பை (டேட்டாபேஸின் முழு நகல்) ஏற்றி, முழுக் கடையையும் கிளிக் செய்து பாருங்கள். ஒத்திகையின்போது புதிய மெஷினில் கிரான் (நேரம் குறித்துத் தானாக ஓடும் வேலைகள்) ஓடக்கூடாது, வெளியே மெயிலும் எஸ்எம்எஸ்ஸும் போகக்கூடாது. இல்லாவிட்டால் பழைய ஆர்டர்காரர்களுக்கு "உங்கள் பார்சல் கிளம்பியது" என்று இரண்டாம் முறை போகும். டம்ப் ஏற எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள்; உண்மையான இரவில் கடையை மூடி வைக்கவேண்டிய நேரம் ஏறக்குறைய அதுதான்.

டம்ப் எடுக்கும்போது சிங்கிள் டிரான்சாக்ஷன், குயிக், ரொட்டீன்ஸ் மூன்றும் கொடுங்கள். முதலாவது இன்னோடிபி டேபிள்களுக்கு மட்டுமே ஒரே கணத்தின் நகலைத் தரும். பழைய ப்ளகின் ஏதாவது மைஐசாம் டேபிள் வைத்திருந்தால் அதை முன்பே இன்னோடிபி ஆக்கிவிடுங்கள். எழுத்துக் குறியீடு இரு பக்கமும் யுடிஎஃப்8எம்பி4 என்று வெளிப்படையாகக் கொடுங்கள். ஒரு பக்கம் லத்தீன்1 என்று இருந்துவிட்டால் "சின்னாளப்பட்டு" என்ற பொருள் பெயர் முழுக்கத் தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ' வரிசையாகத் திரும்பும். தமிழ்ப் பெயருள்ள நாலு பொருளை ஒத்திகையிலேயே கண்ணால் பாருங்கள்.

அந்த இரவில்: பழைய தளத்தைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவாருங்கள், கிரானை நிறுத்துங்கள், கடைசி ஆர்டர் எண்ணைக் குறியுங்கள், டம்ப் எடுத்து ஏற்றுங்கள், ஆர்சிங்க்கை டெலீட் விருப்பத்துடன் கடைசி முறை ஓட்டுங்கள், புதிய இடத்தில் அதே ஆர்டர் எண் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு டிஎன்எஸ். லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் ஃபோல்டரை முழுதாக நகலெடுத்தால் புதிதாக வாங்கக் காத்திருக்க வேண்டாம். பழைய மெஷினில் என்ஜின்எக்ஸ்-ஐ நிறுத்தாமல், வரும் கோரிக்கையை எல்லாம் புதிய ஐபிக்கு ப்ராக்ஸி செய்யுங்கள். டிடிஎல்-ஐ மதிக்காத இணைய நிறுவனங்கள் உண்டு. அவற்றின் வாடிக்கையாளர்கள் பழைய வாசலில் வந்தாலும் ஆர்டர் ஒரே டேட்டாபேஸில்தான் விழும். டம்ப்புக்குப் பிறகு பழைய மைஎஸ்க்யூஎல் எழுத்தை ஏற்கவே கூடாது.

நேரமிருந்தால் இதே வாரத்தில் இரண்டு காரியம். வேர்ட்பிரஸ் தன் கிரானை வாடிக்கையாளர் வருகையில் ஓட்டுவதை நிறுத்தி, சிஸ்டம் கிரானில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை வையுங்கள். சர்வர் நேரம் யுடிசி-யில் இருந்தால் இரவு 2 மணி பேக்கப் இங்கே காலை ஏழரைக்கு ஓடும், அதையும் பாருங்கள். ஆர்டர்கள் இன்னும் போஸ்ட் மெட்டா டேபிளில் இருந்தால் எச்பிஓஎஸ்-க்கு (ஆர்டர்களுக்கென்றே தனி டேபிள்கள்) மாற்றுவது செக்அவுட்டுக்குப் பெரிய உதவி. வூகாமர்ஸ் 8.2-க்குப் பின் தொடங்கிய கடைகளுக்கு அது தானாக இருக்கும், உங்களுடையது பழையது என்றால் கையால் மாற்றவேண்டும். ஆனால் ப்ளகின் ஒவ்வொன்றும் ஒத்துப்போகிறதா என்று சோதிக்க நாள் பிடிக்கும். 7 வாரத்தில் நாலு வாரம் போய்விட்டால் தொடாதீர்கள்.

ஜவுளிதளம்:

அண்ணா, ஒன்று விட்டுப்போச்சு என்று நினைக்கிறேன். எங்கள் எஸ்எம்எஸ் கேட்வே பழைய ஐபி-யைப் பதிவு செய்துதான் ஓடிபி அனுப்புகிறது.

வேர்ப்பயனர்:

நல்லவேளை இப்போதே ஞாபகம் வந்தது. எஸ்எம்எஸ், பேமெண்ட் கேட்வே, கூரியர், மெயில் ரிலே, நாலு இடத்திலும் புதிய ஐபி-யைக் கூடுதலாகச் சேர்க்கச் சொல்லி இன்றைக்கே டிக்கெட் போடுங்கள். சிலர் கடைக்காரரின் லெட்டர்ஹெட்டில் கையெழுத்துக் கேட்பார்கள், அதற்கே மூன்று நான்கு வேலை நாள் போகும். பழையதை எடுக்கச் சொல்லாதீர்கள். மாற்றம் தோற்றால் திரும்பிப் போகும் வழி அது. சேர்த்துவிட்டதாகப் பதில் வந்ததும் புதிய மெஷினிலிருந்தே கர்ல் வைத்து உங்கள் எண்ணுக்கு ஒரு ஓடிபி அனுப்பிப் பாருங்கள், அது கைக்கு வந்த பிறகு டிடிஎல்-ஐத் தொட்டால் போதும்.